பழைய கம்ப்யூட்டரும் பழைய பாக்கியும்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமெனத் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 282 ஆம் வசனம் பணிக்கிறது. ஒருவர் மௌத்தானால், வாரிசுகள் பாகம் பிரிக்குமுன் அவருடைய கடனைத் தீர்க்கவேண்டும் என்பதும் நாம் அறிந்ததே. அந்தக் கணக்கு பேரேட்டில் இல்லாமல், பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் இருந்து, அதுவும் எழுந்திருக்க மறுத்தால் என்ன செய்வது?

1984 ஆம் ஆண்டு ஐ.பி.எம். வெளியிட்ட 'ஏ.டி.' மாடலையும், அதைப் பார்த்துப் பிறர் செய்த பெட்டிகளையும் வைத்தே இங்கு சொல்கிறோம்.

சுவிட்சைப் போடுமுன் பெட்டியின் பின்புறம் பாருங்கள். 115, 230 என்று மாற்றும் சிறு சுவிட்ச் இருக்கும். நம் ஊர் மின்சாரத்துக்கு அது 230இல் நிற்கவேண்டும். 115இல் வைத்துப் போட்டால் பவர் சப்ளை கருகிவிடும்.

விசிறியே சுற்றவில்லையா? பவர் சப்ளைதான் கெட்டது என்று உடனே முடிவு கட்டவேண்டாம். உள்ளே ஏதேனும் ஒரு கார்டில் டாண்டலம் கப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருந்தால், சப்ளை தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு கார்டைக் கழற்றி, மறுபடி போட்டுப் பாருங்கள். இப்படி ஒவ்வொன்றாக. சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதில் ஷாக் இருக்கும்.

விசிறி சுற்றித் திரை இருண்டே இருந்தால், சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டு மெமரி சில்லுகள் குழியிலிருந்து மேலெழுந்திருக்கலாம். விரலால் மெல்ல அமுக்கினால் போதும்.

இனி, மிகுதியாக நேரும் கோளாறுக்கு வருவோம். திரையில் 161 என்ற எண் தோன்றும். ஹார்ட் டிஸ்க் இல்லை என்றும் பெட்டி சாதிக்கும். பார்த்தவர் பதறிப்போவார். "டிஸ்க் போய்விட்டது, பார்மட் செய்யவேண்டும்" என்று சொல்லும் ரிப்பேர்காரரும் உண்டு. அவர் கையில் பெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள்! 161 என்றால் பேட்டரி தீர்ந்தது என்றுதான் பொருள். தன்னிடம் எந்த வகை டிஸ்க் இருக்கிறது என்பதை அந்தப் பேட்டரியின் தயவில்தான் பெட்டி நினைவில் வைத்திருந்தது. மறந்தது பெட்டியே, கணக்கு டிஸ்க்கிலேயே இருக்கக்கூடும்.

ஐ.பி.எம். பெட்டியில் இது 6 வோல்ட் லித்தியம் பேட்டரி. பிறர் செய்த பெட்டிகள் பலவற்றில் போர்டிலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்த நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். அது கசிந்து பச்சை பூத்துச் செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். அதை வெட்டியெடுத்து, கசிந்த இடத்தை வினிகரால் துடைத்து, பிறகு தண்ணீரால் துடைத்து, நன்றாக உலரவிடவேண்டும்.

புதுப் பேட்டரி போட்டதும் டிஸ்க் வகை எண்ணைத் திரும்பக் கொடுக்கவேண்டும். ஐ.பி.எம். ஏ.டி.க்கு இதற்கெனத் தனி பிளாப்பி தேவை. 615 சிலிண்டர், 4 ஹெட் கொண்ட 20 மெகாபைட் டிஸ்க் என்றால் எண் 2. டிஸ்க்கின் மேலுள்ள சீட்டைப் படித்து மாடலை அறியலாம்.

டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு பெட்டியில் மாட்டிப் படிக்க முயல்வதும் வீண்வேலை. ஒரு கண்ட்ரோலர் கார்டு எழுதியதை மற்றொன்று பல வேளை படிக்காது. கார்டும் டிஸ்க்கும் சேர்ந்தே இருக்கட்டும்.

பெட்டி எழுந்ததும் எதையும் புதிதாக எழுதாமல், முதலில் பாக்கிக் கணக்கை பிளாப்பியில் நகல் எடுங்கள். பிரிண்டர் வேலை செய்தால் அன்றைக்கே காகிதத்திலும் அடித்து, வாரிசுகள் எல்லாரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.