காற்றுக் காலத்துக்கு எந்தப் பூ?

சித்திரையில் கொழும்பு வெந்துபோகும். தமிழகப் பத்திரிகைகளின் தோட்டக் குறிப்புகளும் ஏப்ரல், மே மாதங்களையே கோடை என்று சொல்லும். அதை அப்படியே பதுளைக்குக் கொண்டுவந்தால் கணக்குத் தப்பும். சித்திரையில் நமக்குப் பின்னேர மழை இருக்கிறது. நம் காய்ச்சல் ஆனி பிறந்த பிறகுதான். தென்மேல் பருவக்காற்று தன் மழையை அட்டன், நுவரெலியாப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு, மலை தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது வறண்டு சூடேறி வரும். கீழே மட்டக்களப்பார் கச்சான் என்பதும் இதைத்தான். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தருவதும் இதே காற்று. கொழுந்துக்கு மணம் கொடுக்கிற அந்தக் காற்று வாசலில் நிற்கிற பூவைக் கருக்கிவிடும்.

ஆகவே செடி வாங்கும்போது வெயில் தாங்குமா என்று மட்டும் கேட்டால் போதாது. காற்றில் முறியாமல் நிற்குமா, ஐப்பசி முதல் தை வரை அடிக்கிற வடகீழ் மழையில் வேர் அழுகாமல் பிழைக்குமா என்றும் கேட்க வேண்டும். அதோடு உயரம். பதுளை நகரம் சுமார் 680 மீற்றரில் கிண்ணம்போலக் கிடக்கிறது. அப்புத்தளை சுமார் 1,430 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகைக்கு மேல் குறையும் என்பதால் இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஐந்து பாகை வித்தியாசம் இருக்கும். பதுளை, ஹாலிஎல, பசறைப் பக்கம் சூடு கொல்லும். அப்புத்தளைக் கணவாயில் காற்றுதான் கொல்லும்.

வேலியோரத்துக்கு ஒன்று என்றால் போட்டி போகன்விலாவுக்கும் செம்பருத்திக்கும்தான். சந்தேகமில்லாமல் போகன்விலாவுக்கே என் வாக்கு. தண்ணீர் குறையக் குறையத்தான் அது பூக்கும். அடிக்கடி ஊற்றினால் இலையாகத் தழைத்துக்கொண்டு பூக்க மறந்துவிடும். நாம் பூ என்று பார்ப்பது நிறம் மாறிய இலை. உண்மையான பூ நடுவில் இருக்கிற சின்ன வெள்ளைக் குழல். அதனால்தான் காற்றடித்தாலும் நிறம் வாரக்கணக்கில் நிற்கிறது. புதுத் தளிரில்தான் பூ வரும் என்பதால் கவ்வாத்து முக்கியம். அதைத் தோட்டத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மழை விட்ட மாசியில் வெட்டிவிட்டால் சித்திரை மழைக்குத் துளிர்த்து, ஆனிக் காய்ச்சலில் நிறம் கட்டும். நீண்ட விளாறுகளைக் கட்டி வைக்காவிட்டால் காற்றில் ஆடி முள் கண்ணைக் குத்தும். பிள்ளைகள் ஓடி விளையாடுகிற லயத்து வாசலில் இது சின்ன விஷயமில்லை.

செம்பருத்தியின் கதை வேறு. ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு. தண்ணீர் இரண்டு நாள் தவறினால் மொட்டு உதிரும், அதிலும் அடுக்குச் செம்பருத்தி சீக்கிரம் உதிர்க்கும். வறண்ட மாதங்களில் மாவுப்பூச்சி வேறு. ஆனாலும் சாமிக்கு வைக்க வேண்டும், தலைக்கு எண்ணெய் காய்ச்ச வேண்டும் என்றால் போகன்விலாவால் என்ன பயன்? ஒற்றை இதழ்ச் சிவப்பு ஒன்றை, குளிக்கிற தண்ணீர் ஓடிப்போகிற பக்கமாக வையுங்கள். அது தானே பிழைத்துக்கொள்ளும்.

தரையோடு படர்வதற்குப் பத்துமணிப்பூவா, நித்தியகல்யாணியா? கீழே பதுளையில் இரண்டும் நன்றாக வரும். பத்துமணிப்பூ இலையிலேயே தண்ணீரைச் சேமித்துக்கொள்ளும். உயரமில்லாததால் காற்று அதன் தலைக்கு மேலே போய்விடும். தகரப் பேணியில்கூட வளரும். ஆனால் வெயில் இல்லாவிட்டால் அது விரியாது. மூட்டம் அடிக்கடி ஏறிவருகிற அப்புத்தளை மேட்டில் பாதி நாள் மூடிய மொட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே நித்தியகல்யாணி மேல். மடகாஸ்கரிலிருந்து வந்த செடி இது. யாரும் கேட்காமலே விதை சிந்தி அடுத்த வருஷத்துக்கும் முளைக்கும், ஆடும் வாய் வைக்காது. தண்ணீர் தேங்கினால் மட்டும் மழைக்காலத்தில் அடித்தண்டு கறுத்துச் சாகும். ஆகையால் சரிவான இடமே அதற்குச் சரி. சரிவுக்கு இங்கே என்ன பஞ்சம்?

ஒரு பருவச் செடிகளில் செண்டுமல்லியும் ஸினியாவும் மெக்சிக்கோக்காரர்கள், வெயிலுக்குப் பயப்படாதவர்கள். மாலை கட்ட வேண்டும் என்றால் செண்டுமல்லி. ஆனால் உயரமான இரகம் காற்றில் படுத்துவிடும், குச்சி ஊன்ற வேண்டும். தேயிலைக்கு வருவதைப் போலவே இதற்கும் காய்ச்சலில் செம்பேன் வந்து இலை வெளிறும். இலையின் அடிப்புறம் தண்ணீரைப் பீய்ச்சினால் குறையும். ஜாடியில் வெட்டி வைக்கவும், செலவில்லாமல் விதை எடுத்து வைக்கவும் ஸினியா நல்லது. மூட்டமான இடங்களில் அதன் இலையில் சாம்பல் படியும் என்பதால் அதைக் கீழ் ஊர்களுக்கே சிபாரிசு செய்வேன்.

அரளி எல்லாவற்றையும் தாங்கும். இருந்தும் மாடும் ஆடும் வளர்க்கிற வீட்டில் அது வேண்டாம். இலை, தண்டு, பூ எல்லாமே விஷம். வெட்டிப்போட்ட கிளை புல்லுக்கட்டோடு கலந்துவிட்டால் மாட்டுக்கு ஆபத்து.

பங்களாக்களில் பார்த்து ஆசைப்படுகிற ஹைட்ரேஞ்சியாவும் அந்தூரியமும் இந்தப் பட்டியலில் இல்லை. விட மனமில்லை என்றால் வீட்டின் கிழக்குப் பக்கம், மேல்காற்று படாத நிழலில் வையுங்கள். நாற்று விற்கிற கடைகளில் கண்ணைப் பறிக்கிற அடீனியம் வெல்லவாயப் பக்கத்து வெக்கைக்குப் பொருந்தும். பதுளையில் அதைச் சட்டியிலேயே வைத்து, மழைக்காலத்தில் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிட வேண்டும்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலை நிலம் புளிப்பு மண். இட்லிப்பூவுக்கு அது பிடிக்கும். செண்டுமல்லிக்கும் ஸினியாவுக்கும் கொஞ்சம் டொலமைட் கலந்து புளிப்பைக் குறைக்க வேண்டும். தேயிலைக்குப் போடுகிற உரத்தில் ஒரு பிடி எப்படியோ வீட்டுக்கு வந்துவிடுவது வழக்கம்! அதைப் பூச்செடிக்குப் போடாதீர்கள். அதில் யூரியா கூடுதல், இலைதான் கொழுக்கும். மாட்டெருவே போதும்.

ஓகஸ்டில் பீலித் தண்ணீர் நூலாக ஒழுகும்போது குடிக்கவும் சமைக்கவும் போக மிஞ்சுவதுதான் செடிக்கு. அரிசி களைந்த தண்ணீரைச் சாயந்தரம் அடியில் ஊற்றி, மேலே மானாப்புல்லையோ கிரவிலியா இலையையோ கனமாகப் பரப்பினால் ஈரம் நிற்கும். அடுப்பங்கரைச் சுவரோரம் மட்டும் பரப்ப வேண்டாம், இந்த மாதங்களில் பத்தனைப் புல் எப்படிப் பற்றி எரிகிறது என்று எல்லாருக்கும் தெரியும். சட்டிக்கு அடியில் தட்டு வைக்கிறவர்கள் மழை தொடங்கியதும் அதைக் கவிழ்த்துவிடுங்கள். நுளம்பு முட்டையிட அதுவே போதும், பி.எச்.ஐ. வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

போகன்விலா, செம்பருத்தி, இட்லிப்பூ ஆகியவற்றை ஐப்பசி, கார்த்திகை மழையில் நட்டுவிட வேண்டும். ஆனி வருவதற்குள் வேர் ஆழம் போயிருக்கும். போகன்விலாவுக்குக் கடை தேட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் பென்சில் பருமனில் முற்றிய தண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, தேயிலைத் தவறணையில் செய்வதுபோல நிழலில் ஊன்றுங்கள். செண்டுமல்லி, ஸினியா விதைகளைச் சித்திரை மழைக்குப் போட்டால் ஆனி, ஆடியில் பூக்கும். ஆனியில் நாற்று வாங்கி நடுகிறவர்கள் பத்துமணிப்பூவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அந்த நேரத்தில் ஒரு துண்டு தண்டைக் கிள்ளி ஊன்றினாலும் பிடிக்கிறது அது ஒன்றுதான்.