31 வயதில் நர்ஸ் படிப்பா?

நான் எஸ்.பி.எம். வரை படித்தவள். வயது 31. பிள்ளைகளுக்கு ஐந்தும் மூன்றும். தாதியாக ஆசை, இனிமேல் முடியுமா?
– ஒரு வாசகி, புக்கிட் ரோத்தான், கோல சிலாங்கூர்

வயது பிறகு இருக்கட்டும் சகோதரி, முதலில் எஸ்.பி.எம். சான்றிதழை எடுங்கள். மலாய், கணிதம், அறிவியலில் கிரெடிட் இருக்கிறதா? விடுபட்ட பாடத்தைத் தனித்தேர்வராக மறுபடி எழுதலாம். பிறகு மூன்றாண்டு டிப்ளோமா, மலேசியத் தாதியர் வாரியத் தேர்வு, பதிவு.

அரசாங்கப் பயிற்சிக் கழகத்தில் உங்கள் வயதுக்கு இடமும் மாதப்படியும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் எந்த ஊருக்கு அனுப்புவார்களோ! பிள்ளைக்காரிக்குக் கிள்ளான் பக்கத்துத் தனியார் கல்லூரிதான் தோது. பி.டி.பி.டி.என். கடன் கேட்கலாம். மருத்துவமனை ஒப்பந்தம் போட்டுப் படிக்க வைத்தால், எத்தனை வருஷம் கட்டிப்போடுகிறார்கள், பாதியில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும் என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

பாடத்தைவிட வார்டு ஷிப்ட்தான் சோதனை. காலை ஷிப்ட் 7 மணிக்கு. ஆறு மணிக்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும். அந்நேரம் எந்தத் தாஸ்கா திறந்திருக்கும்? பால்மரம் வெட்டப் போன நம் பாட்டிமார் இருட்டோடு பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போனார்கள். இன்று அந்த ஆயா யார்? அம்மாவா, மாமியாரா, பக்கத்து வீட்டு அக்காவா? ஆளை முடிவு செய்து, பணத்தையும் இப்போதே பேசிவிடுங்கள். ‘பார்த்துக்கலாம்மா’ என்பதை நம்பிச் சேராதீர்கள். வீட்டுக்காரர் இப்போதே சோறு வடிக்கப் பழகட்டும்.

கார் லைசென்ஸ் இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள். மதிய ஷிப்ட் முடிய இரவு 9 ஆகும். அதற்குமேல் பஸ்ஸை நம்பி நிற்க முடியாது.