புற்றுக்கட்டியின் அக்கம்பக்கம்



மார்பகப் புற்றுக்கட்டியில் இருப்பவை புற்றுச் செல்கள் மட்டுமல்ல. கட்டியை மெல்லிய சீவலாக்கி, ஹீமடாக்சிலின், இயோசின் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், ஊதா நிறக் கருக்களோடு புற்றுச் செல்கள் திட்டுத்திட்டாகத் தெரியும். திட்டுகளுக்கிடையே இளஞ்சிவப்பு இழைகள் ஓடும்; அவற்றின் நடுவே ஒடுங்கி நீண்ட செல்கள் கிடக்கும். இழை கொலாஜன், அதைச் சுரப்பவை அந்த ஒடுங்கிய செல்கள், அதாவது ஃபைப்ரோபிளாஸ்ட்கள். நோய் எதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜ், லிம்ஃபோசைட் ஆகியவையும் கொழுப்புச் செல்களும் அங்கே உண்டு. கீமோதெரபி பலிப்பதும் பலிக்காமல் போவதும் இவற்றையும் பொறுத்தது.

முதல் தடை, இழைகள். கொலாஜன் மூன்று புரதச் சங்கிலிகள் சேர்ந்த அமைப்பு என்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் அறிவித்தனர். ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளில் குரோமிய உப்பு இந்த இழைகளைக் குறுக்கே பிணைப்பதால்தான் பச்சைத்தோல் அழுகாத தோலாகிறது. கட்டிக்குள் அப்படிப் பிணைப்பது லைசில் ஆக்சிடேஸ் என்னும் நொதி. பிணைப்பு கூடக்கூடத் திசு இறுகுகிறது, ரத்தக்குழாய்கள் நசுங்குகின்றன, டாக்சோரூபிசின், பாக்லிடாக்சல் போன்ற மருந்துகள் கட்டியின் உட்புறத்தைப் போதிய அளவு எட்டுவதில்லை.

இரண்டாவது தடை, சுரப்புகள். எட்டிய மருந்தையும் புற்றுச் செல் தாக்குப்பிடிக்க இவை உதவுகின்றன. சிடி10, ஜிபிஆர்77 என்ற இரு புரதங்களை மேற்பரப்பில் கொண்ட ஒரு வகை ஃபைப்ரோபிளாஸ்ட்கள், இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 ஆகியவற்றைச் சுரந்து, கட்டியை மீண்டும் வளர்க்கவல்ல குருத்துத்தன்மையுள்ள புற்றுச் செல்களைக் காக்கின்றன என்று சீன ஆய்வாளர்கள் 2018இல் காட்டினர். மேக்ரோஃபேஜ்கள் கதெப்சின் நொதிகளைச் சுரந்து பாக்லிடாக்சலின் வீரியத்திலிருந்து புற்றுச் செல்களைக் காப்பது எலிகளில் தெரியவந்தது. கொழுப்புச் செல்கள் கொழுப்பு அமிலங்களை வழங்கிப் புற்றுச் செல்களுக்குத் தீனி போடுகின்றன.

அக்கம்பக்கம் முழுவதும் பகை அல்ல. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளும் ஹெர்2 புரத மிகுதியும் இல்லாத கட்டிகளில் லிம்ஃபோசைட்டுகள் நிறைந்திருந்தால், அறுவைக்கு முன் தரும் கீமோவுக்குக் கட்டி முழுதாகக் கரையும் வாய்ப்பு அதிகம். ஃபைப்ரோபிளாஸ்ட்களையும் ஒட்டுமொத்தமாக அழித்துவிடக் கூடாது. கணையப் புற்றுள்ள எலிகளில் அப்படி அழித்தபோது நோய் இன்னும் முற்றியதை 2014இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

ஆகவே, கெடுக்கும் வகையை மட்டும் அடக்குவதும் உதவும் வகையைத் தூண்டுவதுமே இப்போதைய வழி. லிம்ஃபோசைட்டுகள் மீதான தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப், மேற்சொன்ன ஏற்பிகளும் ஹெர்2 மிகுதியும் இல்லாத கட்டிகளுக்குக் கீமோவுடன் சேர்த்து ஏற்கெனவே தரப்படுகிறது. ஃபைப்ரோபிளாஸ்ட்களைக் குறிவைக்கும் மருந்துகள் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.