வேலிக்கு வெளியே நிற்கிற நாம

ரேடியல் ரோட்டில பஸ் போகும்போது ஜன்னல் ஓரமா உட்கார்ந்து பாருங்க. கூழைக்கடாவும் தெரியும், தூரத்துல பெருங்குடி குப்பை மேடும் தெரியும். மூணு வருஷம் மூக்கைப் பொத்திக்கிட்டே அந்த வழியா வந்திருக்கேன். அதுக்குக் 'கழுவெளி'ன்னு ஒரு பழைய தமிழ்ப் பேர் இருக்குன்னு போன வருஷம்தான் தெரிஞ்சுது. (ஸ்கூல்ல வெட்லேண்ட் டெஃபனிஷனை மனப்பாடம் பண்ணி முழு மார்க் வாங்கினவன் நான்!)

இயற்கையைக் காப்பாத்த ரெண்டு வழி சொல்வாங்க. ஒண்ணு, வேலி போட்டு ஆளை வெளியே நிறுத்துறது. இன்னொண்ணு, பக்கத்துல வாழுற மக்கள்கிட்டயே பொறுப்பையும் பலனையும் கொடுக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில, கானா நாட்டுல 'க்ரீமா'ன்னு ஒரு முறை இருக்கு. ஊர்க்குழு விதிகள் போடும், அரசு அதை அங்கீகரிக்கும், வர்ற பலன் ஊருக்கு.

இது நமக்குப் புதுசு இல்லை. இதே செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கலை எடுத்துக்கோங்க. ஏரிக்குள்ள நிற்கிற மரங்கள்ல பறவைகள் கூடு கட்டும். எச்சம் தண்ணியில விழும். அதுல நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கு. அந்தத் தண்ணி வயலுக்குப் பாயும். அதாவது பறவை வந்தா உரம் இலவசம். அதனாலதான் பறவைகளை யாரும் சுடக்கூடாதுன்னு ஊர்க்காரங்க கலெக்டர்கிட்ட போய் 1798-லேயே உத்தரவு வாங்கினாங்க. நம்ம வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல!

சரி, பள்ளிக்கரணையில நமக்கு என்ன பலன்? இங்கே வயல் இல்லை, அபார்ட்மென்ட்தான் இருக்கு. பலன், வெள்ளம் வராம இருக்கிறது. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம்னு ஏரிகள் ஒண்ணு நிரம்பி அடுத்ததுக்கு வழியும். கடைசியில எல்லாம் வந்து சேர்ற இடம் இந்தச் சதுப்பு நிலம். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் கோவளம் முகத்துவாரம். தரை கிட்டத்தட்ட கடல் மட்டத்துல இருக்கிறதால தண்ணி மெதுவாத்தான் வடியும். அதுவரைக்கும் அதைத் தாங்கி நிற்கிறது இந்தக் கழுவெளிதான். இதுல மண் கொட்டி மேடாக்கினா, அந்த அளவு தண்ணி வேற எங்கே போகும்? சிவில் பசங்க கணக்குப் போடட்டும். மத்தவங்க 2015 டிசம்பரை ஞாபகப்படுத்திக்கோங்க.

முதல்ல குரல் கொடுத்தவங்கள்ல குப்பைப் புகையில மூச்சுத் திணறின குடியிருப்பு மக்களும் இருந்தாங்க. கேர் எர்த் அமைப்பு உள்ளே இறங்கி ஆய்வு பண்ணுச்சு. 2007-ல 317 ஹெக்டேர் காப்புக்காடாச்சு. 2022-ல ராம்சார் பட்டியல்லயும் வந்துடுச்சு.

இதுல எனக்கு ஒரு நெருடல் இருக்கு. வேடந்தாங்கல் விவசாயிக்கு ஏரித் தண்ணி தினசரி விஷயம். நமக்குக் கழுவெளி மழைக்காலத்துல மட்டும்தான் ஞாபகம் வருது. வேலிக்கு உள்ளே என்ன நடக்கணும்னு முடிவு பண்ற இடத்துல நம்ம யாரும் இல்லை. ஆனா மேல இருக்கிற ஏரிகளுக்குப் பூட்டு கிடையாது. சிட்லபாக்கத்துல குடியிருக்கிறவங்களே இறங்கித் தங்க ஏரியைச் சுத்தம் பண்ணினாங்க.

பொங்கல் லீவுல நாலு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். பதினஞ்சு நிமிஷம் நின்னு எண்ணி, இபேர்ட் ஆப்ல போட்டா போதும். பைனாகுலர் இல்லைன்னாலும் பரவாயில்லை, கூழைக்கடா சைஸுக்கு அது தேவையே இல்லை. உங்க வீட்டுப் பக்கத்து ஏரியிலிருந்து ஆரம்பிங்க. அதோட கலங்கல் எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டுட்டு வாங்க. என் தெருவுல நாலு பேரைக் கேட்டேன், ஒரு பாட்டிக்கு மட்டும்தான் தெரிஞ்சுது.