கவிதாவின் வழக்கு எந்த ஊரில்?

செல்வி கோலார் தங்கவயலில் அம்மா வீட்டில் இருக்கிறாள். தையல் வேலை செய்கிறாள். அவள் மகள் கவிதா. வயது 7. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

கவிதாவின் அப்பா முருகன் மும்பையில் தாராவியில் இருக்கிறார். கணவனுக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. மூன்று வருடம் முன்பு செல்வி மகளோடு தங்கவயல் வந்துவிட்டாள்.

கோடை விடுமுறையில் முருகன் வந்தார்.

"பத்து நாள் என்கூட இருக்கட்டும். நானே கொண்டுவந்து விடுறேன்" என்றார். செல்வி மகளை அனுப்பினாள்.

பத்து நாள் ஆனது. ஒரு மாதமும் ஆனது. கவிதா வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அப்போது தபாலில் ஒரு காகிதம் வந்தது. அது மும்பை குடும்ப நீதிமன்றத்தின் சம்மன்.

அது தமிழில் இல்லை. ஆனால் செல்வி எண்களைப் படித்தாள். ஒரு தேதி இருந்தது. அதற்கு இன்னும் 18 நாள்தான்.

"மும்பை கோர்ட்டு எங்கே, நாம எங்கே? கிழிச்சுப் போடு" என்றாள் பக்கத்து வீட்டுப் பாட்டி.

செல்வி கிழிக்கவில்லை. இலவச சட்ட உதவி மையத்துக்கு எடுத்துப்போனாள். அங்கிருந்த வக்கீல் அம்மா படித்துப் பார்த்தார்.

"குழந்தை தாராவியில் வசிக்குது, என் பொறுப்பிலேயே விடணும்னு உன் வீட்டுக்காரர் கேட்டிருக்கார்."

"பிள்ளை இப்போ அங்கேதானே இருக்கு, அம்மா? அப்போ அந்தக் கோர்ட்டுதானா?"

"இல்லை, செல்வி. இன்னைக்கு எங்கே இருக்குன்னு சட்டம் கேக்கலை. வழக்கமா எங்கே வசிக்குதுன்னுதான் கேக்குது."

சட்டம் என்ன சொல்கிறது?

1890-ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொது. குழந்தை சாதாரணமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றம்தான் வழக்கை விசாரிக்க வேண்டும் என்று அதன் 9-ஆம் பிரிவு சொல்கிறது. அப்பாவின் ஊர், அம்மாவின் ஊர் என்பது கணக்கில்லை. முதலில் மனு போட்டவர் யார் என்பதும் கணக்கில்லை.

குழந்தை சாதாரணமாக வசிப்பது எங்கே? உண்மைகளைப் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். 2011-இல் உச்ச நீதிமன்றம் இப்படிச் சொன்னது. விடுமுறைக்குப் போன இடம் வசிக்கும் இடம் ஆகிவிடாது.

செல்வி என்ன செய்தாள்?

மூன்று காகிதங்களைச் சேர்த்தாள். பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு, தடுப்பூசி அட்டை. மூன்றிலும் தங்கவயல் முகவரி இருந்தது.

வாய்தா நாளில் மும்பை கோர்ட்டில் நின்றாள். அங்கும் அவளுக்கு இலவச வக்கீல் கிடைத்தார். "குழந்தை வசிப்பது தங்கவயலில். இந்தக் கோர்ட்டுக்கு இதில் அதிகாரம் இல்லை" என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தார்.

நீதிபதி காகிதங்களைப் பார்த்தார். உரிய நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லி முருகனின் மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

செல்வி ஜெயித்துவிட்டாளா? இன்னும் இல்லை. எந்தக் கோர்ட்டு என்பதுதான் முடிவானது. குழந்தை யாரிடம் என்பது முடிவாகவில்லை. மகளைத் திரும்பக் கேட்டு அவள் கோலார் மாவட்டத்தில் மனு போட்டாள். அங்கே நீதிபதி கவிதாவிடமும் பேசினார். குழந்தையின் நலன்தான் சட்டத்துக்குப் பெரிது.

கவிதா அம்மாவிடம் வந்தாள். விடுமுறையில் அப்பாவிடம் போகலாம் என்றும் உத்தரவானது. போகும் தேதியும் திரும்பும் தேதியும் அதில் எழுதியிருந்தன. செல்வி இரண்டையும் படித்துப் பார்த்தாள்.

நினைவில் வையுங்கள்

- சம்மன் வந்தால் ஒதுக்கிவிடாதீர்கள். நீங்கள் போகாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு ஆகலாம்.
- பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை.
- ஒரு மாநிலத்து வழக்கை வேறு மாநிலத்துக்கு மாற்ற உச்ச நீதிமன்றத்தால் முடியும்.

பதில் எழுதுங்கள்

1. பாட்டி சொன்னபடி செல்வி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?
2. செல்வி சேர்த்த மூன்று காகிதங்கள் எவை?
3. உங்கள் குழந்தை வசிக்கும் ஊரைக் காட்ட உங்கள் வீட்டில் என்ன காகிதங்கள் உள்ளன?