மொன்றியலுக்கு வராத கப்பல்

கனடாவுக்குத் தமிழர்கள் கப்பலில் வந்தார்கள் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த மொன்றியல் பிள்ளைகளில் சிலர், அந்தக் கப்பல் நமது பழைய துறைமுகத்துக்குத்தான் வந்தது என்று நம்புகிறார்கள். மணிக்கூட்டுக் கோபுரத்தின் அருகே கப்பல் வந்து நின்றது, பெரியப்பாமாரும் மாமாமாரும் பெட்டியோடு இறங்கினார்கள் என்பது அவர்கள் மனதில் உள்ள படம். அப்படி ஒரு கப்பல் வரவில்லை. 1986இல் ஒன்று, 2009இல் ஒன்று, 2010இல் ஒன்று என மூன்று பயணங்களில் கப்பலில் வந்தவர்கள் எல்லோரையும் கூட்டினாலும் எழுநூற்றுச் சொச்சம் பேர். இந்த நாட்டில் இன்று வாழும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களில் மிகப் பெரும்பாலான குடும்பங்கள் விமானத்திலோ, அமெரிக்காவிலிருந்து தரைவழியாகவோ வந்தவை.

ஆனால் முதல் கப்பலுக்கும் மொன்றியல் என்ற பெயருக்கும் தொடர்பு உண்டு. 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்தின் தென்கரையில் சென் ஷொட்ஸ் கிராமத்துக்கு அப்பால், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 பேரை மீனவர் கஸ் டோல்ரன் கண்டார். சிறுபிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். ஏறக்குறைய மூன்று நாள் அலைந்திருந்தார்கள். மொன்றியல் பக்கத்தில்தான், படகை நேரே விட்டால் போதும் என்று சொல்லித்தான் கப்பல்காரர் தங்களை இறக்கினார் என்று அவர்களில் சிலர் பின்னர் சொன்னார்கள்.

அவர்கள் மிதந்த இடத்திலிருந்து மொன்றியல் 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால். இந்தத் துறைமுகம் கடற்கரையில் இல்லை. சென் லோரன்ஸ் ஆற்றின் வழியே வெகுதூரம் உள்ளே இருக்கிறது. இங்கே கப்பல் நிற்பது நன்னீரில். அதோடு, கியூபெக் நகரத்துக்கும் கீழே எஸ்கூமான் என்ற இடத்தில் ஆற்றை அறிந்த வழிகாட்டி மாலுமி ஒருவர் ஏறாமல் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் எதுவும் மேலே வர முடியாது. அது சட்டம். ஆகவே ஆட்களை ஒளித்து ஏற்றிய கப்பல் அவர்களை மொன்றியலில் இறக்குவது நடக்கக்கூடிய காரியமே இல்லை. கடலில் தொழில் செய்யும் ஒருவருக்கு இது தெரியாமல் இருக்காது. கடன்பட்டுச் சில ஆயிரம் மார்க் கட்டி ஏறியவர்களுக்குத் தெரிய வழியில்லை. மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள் என்பது மட்டுமே அவர்கள் அறிந்தது.

இனி, அவர்கள் பாதுகாப்பான இடத்திலிருந்து வந்த பேராசைக்காரர் என்ற, நாற்பது ஆண்டாகியும் விலகாத நம்பிக்கைக்கு வருகிறேன். கப்பல் புறப்பட்டது இலங்கையிலிருந்து அல்ல, மேற்கு யேர்மனியிலிருந்து. வேசர் ஆற்றங்கரையில் உள்ள பிராக்க துறைமுகத்தில் ‘அவுரிகே’ என்ற கப்பலில் ஏறினார்கள். இது தெரிந்ததும் கனடாவில் கோபம் கிளம்பியது. ஐரோப்பாவில் பாதுகாப்பாக இருந்தவர்கள், நல்ல வாழ்க்கை தேடி வரிசையைத் தாண்டி வந்துவிட்டார்கள் என்றார்கள். நம்மவர்களிலும் இப்படிச் சொல்வோர் உண்டு.

ஊரில் நினைத்த யேர்மனி வேறு. 1983 யூலையில் இலங்கையில் தமிழர்மீது நடந்த வன்முறைக்குப் பிறகு, ஏஜென்சிக்காரர் சொன்ன பாதை எளிதாக இருந்தது. கிழக்குப் பேர்லினின் சோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரிட்ரிக்ஸ்ட்ராச நிலையத்தில் ரயில் ஏறினால் மேற்குப் பேர்லின். நகரைப் பிரித்த கோட்டைச் சர்வதேச எல்லையாக மேற்குத் தரப்பு ஏற்கவில்லை. அதனால் தன் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனையும் வைக்கவில்லை. உள்ளே போனால் வேலை, ஒரு வருடத்தில் காணி மீட்பு, அடுத்த வருடம் தங்கச்சியின் கலியாணம். வீடுகளில் போட்ட கணக்கு இதுதான்.

போய்ச் சேர்ந்த யேர்மனியில் வேலை செய்வதே முதல் ஆண்டுகளில் தடை. அகதி மனு நடக்கும் காலத்தில் பொது முகாமில்தான் இருக்க வேண்டும். 1982இல் வந்த சட்டத்தின்படி, பதிவு செய்த நிர்வாக மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போக முடியாது. பக்கத்து ஊரில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போனாலும் குற்றம் ஆகலாம். இலங்கையில் நடப்பது உள்நாட்டுப் போர், அதன் ஆபத்து எல்லோருக்கும் பொதுவானது, ஆகவே அது தனிப்பட்ட அரசியல் துன்புறுத்தல் அல்ல என்ற தர்க்கத்தில் பல மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. நிராகரித்தவர்களை எல்லாம் உடனே திருப்பி அனுப்பவும் இல்லை. தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்கிறோம் என்ற ஒரு தாள் கிடைக்கும், அது முடிந்ததும் மீண்டும் நீட்ட வேண்டும். வீட்டிலிருந்து வரும் கடிதமோ வட்டி ஏறுகிறது என்று சொல்லும். இருபது வயதுப் பிள்ளை, படித்தவன், கட்டிலில் இருந்து சுவரைப் பார்க்கிறான்.

இதைப் பாதுகாப்பு என்று சொல்லலாம், சூட்டுச் சத்தம் இல்லை என்பதால். நான் அதைக் குறைத்து மதிக்கவில்லை. பொறுத்திருந்து பிறகு அங்கேயே வீடும் தொழிலும் பள்ளிக்கூடமும் கோயிலும் அமைத்தவர்கள் பல்லாயிரம் பேர். ஆனால் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவரைப் பேராசைக்காரர் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அதே நேரத்தில் கனடாவில் நடந்ததையும் பாருங்கள். 1985 ஏப்ரல் 4இல் சிங் வழக்கில் இந்நாட்டு உச்ச நீதிமன்றம், அகதி மனு செய்பவரை நேரில் விசாரிக்காமல் முடிவெடுப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய முகாம்களில் தொலைபேசி வழியாகவும் கடிதம் வழியாகவும் பரவிய ‘கனடா நல்லம்’ என்ற பேச்சில் இப்படி ஓர் உண்மையும் இருந்தது.

கரைக்கு வந்ததும் தாங்கள் இந்தியாவிலிருந்து வந்ததாக அந்தப் படகுகளில் வந்தவர்கள் சொன்னது உண்மை. யேர்மனி என்று சொன்னால் அங்கேயே திருப்பி அனுப்புவார்கள் என்று அஞ்சினார்கள். அந்தப் பொய் அவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் கெடுதல் செய்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வந்த வழியைப் பற்றிச் சொன்ன பொய், ஊரில் எரிந்த வீட்டைப் பொய்யாக்காது. பிரதமர் பிரையன் மல்ரோனியின் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. வேலை செய்யும் உரிமையோடு ஒரு வருட அனுமதி கொடுத்தது. சில நாட்களில் பலர் ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். மொன்றியலுக்கு வந்தவர்களுக்கு அடுத்த ஏமாற்றம் காத்திருந்தது. கனடா என்றால் ஆங்கிலம் என்று நினைத்து வந்தவர்கள், 1977ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தின்படி தங்கள் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று அறிந்தார்கள். பிறகு ரொறன்ரோவுக்குப் போன குடும்பங்களில் பல இதையும் ஒரு காரணமாகச் சொல்லும்.

இன்றும் ஒரு கதை ஓடுகிறது. அமெரிக்காவுக்குள் வந்துவிட்டால் மொன்றியலுக்குத் தெற்கே ரொக்ஸம் வீதியால் நடந்து வரலாம், மனு போடலாம் என்பது. ஒரு காலத்தில் அது சரி. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலான பாதுகாப்பான மூன்றாம் நாடு ஒப்பந்தம் 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, தரை எல்லையில் அதிகாரபூர்வ நுழைவாயில்களுக்கு மட்டுமே பொருந்தியது. 2023 மார்ச் 25 முதல் முழுத் தரை எல்லைக்கும் பொருந்துகிறது. இடையில் எங்காவது கடந்து, 14 நாட்களுக்குள் மனு செய்தாலும் பொதுவாக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்புவார்கள். கனடாவில் உரிய வதிவிட நிலையோடு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, சகோதரர், மாமா, மாமி போன்ற நெருங்கிய உறவினர் இருப்பவருக்கு விதிவிலக்கு உண்டு. அந்த உறவை ஆவணத்தால் காட்ட வேண்டும். உங்கள் உறவுக்காரர் யாராவது இந்தப் பாதையைப் பற்றித் தொலைபேசியில் கேட்டால், ஏஜென்சிக்குக் காசு கட்டுவதற்கு முன் பிறப்புப் பத்திரங்களை எடுத்துவைத்து, குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்கச் சொல்லுங்கள். கியூபெக்கில் வருமானம் குறைந்தவர்களுக்கு அரச சட்ட உதவி இருக்கிறது. அகதி மனுவுக்கும் அதைக் கேட்கலாம்.