குழந்தையின் கையும் கண்ணும்

தறியிலிருக்கும் பெற்றோர் நூற்சிட்டத்தைத் தொட்ட குழந்தையை அதட்டி விரட்டுவதை நாம் கண்டிருக்கிறோம், நாமும் செய்திருக்கிறோம். பாவு அறுந்தால் அன்றைய கூலி போயிற்று. ஆனால், அக்குழந்தை எங்கே போகும்?

ரோம் நகரில் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரன்சோ பகுதியிலும் இதே தொல்லைதான். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறுவர்கள் சுவர்களைப் பாழாக்கினர். கட்டடங்களைச் சீர்திருத்திய நிறுவனத்தார் டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையாரை நாடினர். 1907 ஜனவரி 6-ஆம் தேதி 'குழந்தைகள் இல்லம்' அங்கே திறக்கப்பெற்றது.

அம்மையார் கைக்கு வேலை கொடுத்தார். பொத்தான் மாட்டவும் நாடா முடியவும் துணி பூட்டிய சட்டங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு தடவியே இணை சேர்க்கும் துணித் துண்டுகள். நெசவாளராகிய நமக்கு வியப்பளிப்பவை நிறப்பலகைகளே. ஆதியில் அவை பட்டுநூல் சுற்றிய 64 சிறு பலகைகள். 8 நிறம், ஒவ்வொன்றிலும் 8 சாயல். குழந்தை அவற்றை அடர்ந்ததிலிருந்து வெளிறியது வரை அடுக்கும். பிசகினால் அதன் கண்ணே சொல்லும். ஆசிரியை குறுக்கிட வேண்டுவதில்லை.

1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அம்மையார், 1946 வரை இந்நாட்டில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். பிற்காலத்தில் இப்பெயர் கட்டணம் மிகுந்த பள்ளிகளின் விளம்பரமாயிற்று. கூலிக்காரர் பிள்ளைகளிடையே தோன்றிய முறை என்பது மறந்துபோயிற்று.

சாய நூலில் மிஞ்சியதை மூன்று வயதுக் குழந்தையிடம் கொடுத்து, ஒத்த நிறத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். உழவர் வீட்டில் துவரையும் உளுந்தும் போதும். மூக்கில் இட்டுக்கொள்ளாமல் அருகிருந்து பார்த்துக்கொள்க. தார் மட்டும் சுற்றச் சொல்லாதீர்கள்; அது நம் வேலை.